ஐந்நூற்றைம்பது ரூபாய் குறைந்த கூப்பன்

மருமகள் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அந்த மாதத்துக்கு வேண்டிய மளிகைச் சாமான் மொத்தமும் அதில் வரிசையாக இருந்தது. கடைசியில் 2,296 ரூபாய் என்று காட்டியது.

“இதே சாமான், இதே அளவு. கடையில இதைவிடக் கம்மியா வாங்கிட்டு வந்துட்டீங்கன்னா நான் வாயே தொறக்கல மாமா. இல்லேன்னா அடுத்த மாசத்துலேர்ந்து போன்லதான். ஆட்டோல போனா அந்தக் காசும் கணக்குல சேரும்.”

போன மாதம் சாமான் பையோடு கடை வாசலில் நான் சறுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு இந்த எண்ணம். முட்டியில் சிராய்ப்புதான், வேறொன்றுமில்லை. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதியே ஓய்வு பெற்றவன் நான். மளிகை வாங்கும் வேலையும் போய்விட்டால் அப்புறம் எதை எண்ணுவது? ஜன்னல் கம்பிகளை ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது.

“சரி, பந்தயம்” என்றேன்.

என் கையில் ஒரு துருப்பு இருந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள பெரிய கடையில் மாதத்தின் முதல் மூன்று நாள் தள்ளுபடி விற்பனை. அதே கடையின் கூப்பன் ஒன்று ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் வந்திருந்தது. மூவாயிரத்துக்கு மேல் வாங்கினால் முந்நூறு ரூபாய் கழிவு. ஆனால் மூன்றாம் தேதியிலிருந்துதான் செல்லும். ஆக, இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது மூன்றாம் தேதி ஒரே நாள். அந்த நாளிதழை என் மனைவி சமையலறைத் தட்டில் விரித்துவிட்டிருந்தாள். டப்பாக்களை நகர்த்தி, கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டி எடுத்தேன். அதிலிருந்து ஒரே கவலை. மடித்து வைத்தால் கோடு விழும், சட்டைப் பையில் வைத்தால் வேர்வை படும். கடைசியில் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன்.

மூன்றாம் தேதி காலை கடை திறக்கும்போது நான் வாசலில் நின்றேன், நடந்தேதான் போனேன். காவலாளி ஒரு கருவாட்டுக்காரம்மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கூடையை உள்ளே கொண்டுபோகக் கூடாதாம்.

“உன் ஏசி காத்துல என் கருவாடு கெட்டுப் பூடும், நானே உள்ள எட்தாரல. இங்க வெக்கறேன், பூனை வந்தா நீதான் பொறுப்பு” என்று அவர் காலடியிலேயே கூடையை இறக்கிவிட்டு உள்ளே போனாள்.

துவரம் பருப்பு இருக்கிறதா, கடலை எண்ணெய் தீர்ந்துவிட்டதா என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எல்லாம் இருந்தது! ஒவ்வொன்றையும் கூடையில் போடும்போது ஏதோ கப்பலையே காலி செய்வதுபோல் உற்சாகம். பாக்கெட்டில் அச்சடித்த விலைப்படி கூட்டினால் 3,090. கூப்பனுக்கு மேலேயே தொண்ணூறு ரூபாய். இதில் தள்ளுபடியும் போய், கூப்பன் முந்நூறும் போனால் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

பில் போடும் பெண் கூப்பனைக் கருவியில் காட்டினாள். அது சிவப்பாக மின்னியது.

“கூப்பன் எடுக்கல சார். ஆஃபர் கழிச்சா 2,450தான் வருது. மூவாயிரம் இருந்தாத்தான் எடுக்கும்.”

எந்தத் தள்ளுபடியை நம்பி வந்தேனோ அதுவே என் கூப்பனைத் தின்றுவிட்டது. ஐந்நூற்றைம்பது குறைகிறது. அவ்வளவுக்கு வேறு எதையாவது வாங்கினால் பந்தயம் போயிற்று, வாங்காவிட்டாலும் போயிற்று. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

“இன்னா நைனா, துட்டு பத்தலயா?” எனக்கு அடுத்து நின்றவள் அந்தக் கருவாட்டுக்காரம்மாதான்.

“துட்டு இருக்கு. சாமான்தான் பத்தல” என்று விஷயத்தைச் சொன்னேன்.

“அட, இவ்ளோதானா? என் சாமானையும் உன் பில்லுல போடு. பேரனுக்கு டயாபர், அப்பால சோப்பு, டீத்தூளு. இன்னா வரும் பாப்பா?”

“610 வருதும்மா” என்றாள் பில் போடும் பெண். இருவருடையதும் சேர்த்து 3,060. கூப்பனை மறுபடி காட்டினாள். பச்சை! நான் கையைத் தட்டியேவிட்டேன். முந்நூறு கழிந்து 2,760 ரூபாய். முழுவதையும் நானே கட்டினேன்.

வெளியே வந்து, எண்ணூர்ப் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலில், கழிவை எப்படிப் பிரிப்பது என்று விளக்கினேன். சாமான் அளவுக்குத் தக்கபடி பார்த்தால் முந்நூறில் எனக்கு இருநூற்று நாற்பது, அவளுக்கு அறுபது.

“இன்னாது? உன் சாமான மட்டும் காட்னே, மிஷினு துப்பிச்சி. என்த மட்டும் காட்னாலும் துப்பும். ரெண்டும் சேந்தாதான் முன்னூறு. அப்போ பாதி பாதிதான்.”

“கூப்பன் வெட்டினது நானாச்சே?”

“அதுக்கின்னா, கத்திரிக்கோல் கூலி வோணுமா?”

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை. ஆளுக்கு நூற்றைம்பது. அவள் 460 ரூபாயை எண்ணிக் கொடுத்தாள். நான் மறுபடி எண்ணினேன். என் செலவு 2,300. நான்கு ரூபாயில் தோற்றிருந்தேன்.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவளே கேட்டாள். பந்தயத்தைச் சொன்னதும் கூடையே குலுங்கும்படி சிரித்தாள்.

“மருமவளாண்ட பந்தயம் கட்னியா! அந்த நாலு ரூபாக்கா மூஞ்ச இப்டி வெச்சிக்கினுகீற?” இரண்டு கை நெத்திலிக் கருவாட்டைத் தாளில் சுற்றி என் பைக்குள் திணித்தாள். “இத்த குடு. போன்ல இது இன்னா வெலைன்னு கேளு.”

வீட்டுக்கு வந்ததும் மருமகள் பில்லை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். டயாபரில் விரல் நின்றது.

“மாமா, இது யாருக்கு?”

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “வயசாவுதுல்ல, முன்கூட்டியே வாங்கியிருப்பாரு.”

நடந்ததை நடந்தபடியே சொன்னேன், நான்கு ரூபாய் தோல்வி உட்பட. பிறகு கருவாட்டைத் தராசில் வைத்தேன். நூற்றிருபது கிராம். மருமகள் கைப்பேசியில் தேடினாள். நூறு கிராமே 95 ரூபாய்.

“இது லிஸ்ட்லயே இல்லையே மாமா” என்றாள். ஆனால் பொட்டலத்தைக் கீழே வைக்கவில்லை, முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நெத்திலி என்றால் அவளுக்கு உயிர்.

“லிஸ்ட்ல இல்லாதது உனக்கு உள்ள எறங்காதா?” என்று என் மனைவி அதைப் பிடுங்கித் தலை கிள்ள உட்கார்ந்தாள்.

“சரி, இன்னும் ஒரு மாசம்” என்றாள் மருமகள். “ஆனா வரும்போது ஷேர் ஆட்டோல வரணும். அந்தக் காசு கணக்குல சேராது.”

வேலை தப்பியது! பில்லை வாங்கி மறுபடி பார்த்தேன். அடியில் புதிதாக ஒரு கூப்பன் அச்சாகியிருந்தது. அடுத்த மாதம் 3,000க்கு மேல் வாங்கினால் நானூறு கழிவு. ஓரத்தை ஒட்டி வெட்டி, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன். என் சாமான் 2,450தான் வரும். மீதிக்கு நான் அந்தம்மாவைத்தான் நம்ப வேண்டும். இப்போது என் கவலையெல்லாம் அவள் பேரனைப் பற்றித்தான். அடுத்த மாதத்துக்குள் அவன் டயாபரை விட்டுவிடாமல் இருக்க வேண்டும்.