காலியாக இருக்க வேண்டிய கோப்பு

ஜெர்மனிக்கு வந்த பிறகு காலையில் என்னை முதலில் விசாரிப்பது நானே எழுதிய ஒரு நிரல்தான். அலுவலகக் கணினியில் எந்தெந்தக் கோப்புறை, எந்தெந்தக் கோப்பு இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. பெர்ல் என்ற கணினி மொழியின் மாட்யூல் ஒன்றைக் கொண்டு நிரல் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து ‘ஓகே’, ‘நாட் ஓகே’ என்று மின்னஞ்சல் அனுப்பும். பட்டியலில் இல்லாதது ஏதாவது கிடந்தாலும் காட்டிக்கொடுக்கும். நிரல் ஓடிய முதல் நாளே அது என்னைத்தான் காட்டிக்கொடுத்தது.

நாற்பது கோப்புறைகளில் 786 என்ற பெயரில் காலிக் கோப்பு. “யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள்” என்று பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் காரின் என்பவள் பதறினாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் ஊரான கம்பத்தில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் என் அத்தா, அதாவது அப்பா, துண்டுச் சீட்டானாலும் ‘இறைவன் பெயரால்’ என்னும் பிஸ்மில்லாவுக்குரிய எண்ணாக மேலே 786 போடாமல் ஓர் எழுத்து எழுதமாட்டார். அந்தக் கைப்பழக்கத்தில், புதுக் கோப்புறை திறந்தபோதெல்லாம் நானும் ஒன்று போட்டுவைத்திருக்கிறேன். என் வேலை ஒப்பந்தம் முடிய மூன்றே வாரம் இருந்தது. அது நீளாவிட்டால் விசாவும் இல்லை.

“என்னுடையதுதான்” என்றேன்.

“உள்ளே என்ன இருக்கிறது?”

“ஒன்றுமில்லை.”

“பிறகு எதற்கு?”

“வேலையைத் தொடங்குவதற்கு.”

காரின் கோபப்படவில்லை. “தேவையென்றால் பட்டியலில் சேர். இல்லையென்றால் அழித்துவிடு” என்றாள். தேவையா? எனக்கே தெரியவில்லை. அழிக்கக் கை வரவில்லை, சேர்க்க வெட்கமாக இருந்தது. கடைசியில் சேர்த்தேன்: 786 இருக்க வேண்டும், காலியாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் எப்படியோ நீண்டது.

அடுத்த விடுமுறையில் கம்பம் போனேன். அத்தா கடையிலும் கணினி வந்திருந்தது. அச்சடித்து வந்த பில்லை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.

“786 எங்கத்தா?”

“கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்தவுக அதுக்கு எடம் விடலப்பா. இங்கன பில்லு வெரசா வந்தாப் போதும்னு ஆயிப்போச்சு.”

சுருக்கென்றது. ஊரை விட்டுப் போனவன் நான். எதற்காக வருத்தப்படுகிறேன் என்றும் புரியவில்லை. பில்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மின்னஞ்சல் பார்க்க பிரவுசிங் சென்டருக்குப் போனேன். காரின் எழுதியிருந்தாள்: “புதுக் கணினிக்கு மாறினோம். 786 இல்லை என்று உன் நிரல் ஒரே புகார். எல்லாக் கோப்புறையிலும் நானே போட்டுவிட்டேன். கவலைப்படாதே, எல்லாம் காலியாகத்தான் இருக்கின்றன.”

இரண்டு முறை படித்தேன். பிறகு அத்தாவின் பில்லை எடுத்து அதன் மேலே பேனாவால் 786 எழுதினேன். எந்த ஊர்ப் பட்டியலுக்காக எழுதினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.