அனுமதிக்கப்பட்ட கசிவு

அலுவலகத்தில் அவரை மீட்டர் என்று கூப்பிட்டார்கள். வீட்டில் மனைவி கோபம் வந்தால் மட்டும் அப்படிக் கூப்பிடுவாள். குடிநீர்த் துறையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். முதுகு பிசகிய பிறகு வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதும் வேலைக்கு மாற்றினார்கள். பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. எந்த வீட்டு கேட் எந்தப் பக்கம் திறக்கும், எந்த நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் என்பதெல்லாம் மனப்பாடம். அந்த வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கார் இருபத்திரண்டு வருடப் பழசு. ஊருக்கு வெளியே இருக்கும் வீடுகளுக்கு அதில்தான் போவார். முன் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சுவதற்கான பிளாஸ்டிக் தொட்டி நான்கு வருடமாகக் கசிந்தது. அவர் அதைக் கவனிக்காமல் இல்லை. தொட்டியில் பென்சிலால் கோடு போட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார். பத்தில் ஒரு பங்கு. துறையின் விதிப்படி அந்த அளவுக்குப் போனால் அது கசிவே இல்லை. அனுமதிக்கப்பட்ட இழப்பு. தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.

"அதைச் செடிக்கு ஊத்தியிருந்தா இந்நேரம் பூத்திருக்கும்" என்பாள் மனைவி.

இந்த மாதம் தொட்டி ஒரே இரவில் முழுதாகக் காலியாக ஆரம்பித்தது. காரின் தகுதிச் சான்றிதழ் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. சான்றிதழ் இல்லாத கார்களை வேலைக்கு எடுத்துப் போகக் கூடாது, கார் இல்லாதவர்கள் திங்கட்கிழமை முதல் புகார் ஜன்னலில் உட்கார வேண்டும் என்று மேலதிகாரி சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். அந்த ஜன்னலில் இப்போது இருப்பவர் மாத்திரை போட்டுக்கொண்டுதான் திரையை விலக்குவார். மீட்டர் பத்தொன்பது வருடமாக மீட்டர்களோடு பழகியவர். அவை திருப்பிப் பேசியதில்லை. அங்கே தன்னால் ஒரு வாரம்கூடத் தாங்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு பானெட்டைத் திறந்தார். தொட்டியின் அடியில் சின்ன மோட்டார் ஒன்று செருகியிருந்தது. செருகும் இடத்தில் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் புஷ் காய்ந்து, கிள்ளினால் உதிர்ந்தது. அதை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு தெருமுனை மெக்கானிக்கிடம் போனார்.

"சார், இந்த மாடலுக்கு புஷ் வர்றதில்ல. தொட்டியோட மாத்தணும்."

"மாத்திடு."

"தொட்டியும் வர்றதில்ல."

"அப்ப என்னதான் பண்றது?"

"காரை மாத்தணும்."

மெக்கானிக் ஒரு டப்பாவைக் கொட்டிக் கிளறி, வேறு ஏதோ காரின் புஷ்ஷைக் கொடுத்தான். "கொஞ்சம் லூசா இருக்கும். சுத்தி பசை வச்சுக்குங்க."

"பசை வேண்டாம். டேப் இருக்கு."

"என்ன டேப்?"

"குழாய்க்குச் சுத்துற வெள்ளை டேப்."

"சார், இது கார்."

"உள்ள தண்ணிதானே போகுது?"

மெக்கானிக் அடுத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

டேப் சுற்றாமல் எந்த இணைப்பையும் மூடக் கூடாது என்பது துறையில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது. அவர் புஷ்ஷுக்குச் சுற்றினார். மோட்டாரின் வாயில் ரப்பர் குழாய் சேரும் இடத்திலும் எட்டுச் சுற்று சுற்றினார். அங்கே கசிவு இருக்கவில்லை. இருந்தாலும் சுற்றினார். பென்சில் கோடு வரை தண்ணீர் ஊற்றி, கீழே செய்தித்தாளை விரித்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்தும் தாளில் ஒரு சொட்டு இல்லை. நீர்மட்டம் கோட்டிலேயே நின்றது.

"ஒரு தடவை தண்ணிய அடிச்சுப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"அடிச்சா அளவு குறைஞ்சுடும்."

சான்றிதழ் பரிசோதனைக்கு அவளும் கூட வந்தாள். அவரைத் தனியாகப் பேசவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்பது அவள் அனுபவம். வரிசை நகர்ந்து அவர்கள் முறை வந்தபோது மணி நாலரை. பரிசோதகர் விளக்குகளைப் பார்த்தார், ஹார்ன் அடித்தார், பிரேக்கை மிதித்தார், பிறகு ஸ்டியரிங் பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சும் கம்பியை இழுத்தார். பானெட்டின் மேலிருந்த இரண்டு துளைகளில் இடது துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கண்ணாடியில் விழுந்தது. வலது துளையில் ஒன்றும் வரவில்லை.

"ரெண்டும் அடிக்கணும்" என்றார் பரிசோதகர்.

"ஒண்ணுல வருதே சார்."

"ரெண்டு துளை இருக்கில்ல?"

"ரெண்டு குழாய் இருக்கற வீட்டுல ஒண்ணுல வந்தா, சப்ளை இருக்குன்னுதான் நாங்க எழுதுவோம்."

பரிசோதகர் பேனாவை மூடினார். "நீங்க குடிநீர்த் துறையா?"

"ஆமா."

"எங்க மாடிக்கு மூணு வருஷமாத் தண்ணி ஏறல. புகார் குடுத்தா, சப்ளை இருக்குன்னு பதில் வருது. கீழ் வீட்டுல வருதாம்."

அது சரியான பதிலாகத்தான் மீட்டருக்குப் பட்டது. அதைச் சொல்ல வாயெடுத்தார். மனைவி அவர் காலை மிதித்தாள்.

"அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். அதுக்குள்ள ரெண்டும் அடிச்சா பார்க்கலாம்" என்று பரிசோதகர் அடுத்த காருக்கு நகர்ந்தார்.

பானெட்டுக்கு அடியில் வலது துளைக்குப் போகும் குழாயை அவர் பிடுங்கினார். துளையின் பின்வாயில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவர் விரல் நுழையவில்லை. மனைவி கைப்பையிலிருந்து ஓர் ஊக்கை எடுத்து, குத்தி, நிதானமாக வெளியே இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது.

"என்ன இது?"

"டேப்."

"இது எப்படி உள்ள போச்சு?"

அவர் குழாயை மறுபடி செருகினார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் டேப் சுருளை எடுத்தது. மனைவி அதைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டு மூடினாள். டேப் இல்லாமல் ஓர் இணைப்பை விட்டது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அங்கே ஒரு சொட்டு நின்று, விழாமல் யோசித்துக்கொண்டிருந்தது. அவர் பார்வையை விலக்கிக்கொண்டு பானெட்டை மூடினார்.

ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கையில் பரிசோதகர் திரும்பி வந்து, வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகக் கம்பியை இழுத்தார். இரண்டு துளையும் அடித்தன. வலது பக்கத் தண்ணீர் கொஞ்சம் உயரப் போய், கார் கூரையில் ஊன்றியிருந்த அவர் கையின் கடிகாரத்தை நனைத்தது. விதியில் உயரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர் கடிகாரத்தைத் துடைத்துவிட்டு முத்திரை குத்தினார்.

சான்றிதழை நீட்டியவர் தன் பக்கத்து முனையை விடவில்லை. "எங்க மாடிக்கு என்ன பண்ணலாம்?"

"புகார் ஜன்னல்ல எழுதிக் குடுங்க சார்."

"குடுத்தா யாராவது படிப்பாங்களா?"

"திங்கட்கிழமையிலேர்ந்து அங்க யார் உட்காருவாங்கன்னு எனக்குத் தெரியல." அவர் சான்றிதழை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். "நான் இல்ல."