எட்டாம் நம்பர் ஊசி

பச்சை ரப்பர் பிடி போட்ட, நூல் பின்னும் அந்தக் குரோஷா ஊசி கிட்டத்தட்ட என் சுண்டு விரல் தடிமன் இருக்கும். பிடியின் மேல் எட்டு என்று அச்சடித்திருந்தது. என் மனைவி முழுகாமல் இருந்தபோது பொழுதுபோக்குக்கு என்று வாங்கிய பெட்டியில் அது ஒன்றுதான் அவ்வளவு பெரியது. மற்றவையெல்லாம் மெல்லிய எஃகு ஊசிகள், நுனியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கொக்கி. அவளுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. பெட்டியை அலமாரியில் போட்டுவிட்டாள். அதைத் தேடி எடுத்து, பச்சைப் பிடி ஊசியை மட்டும் கையில் வைத்துக்கொண்டவர் என் மாமனார்.

அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் வாழ்நாள் முழுக்க லேத் ஓட்டியவர். தலைமுடி கனம் கூடினாலும் குறைந்தாலும் பீஸைத் தூக்கிப் போட்டுவிடும் வேலை. ஓய்வு பெற்று ஊத்துக்கோட்டைப் பக்கம் சொந்த ஊரில் இருந்தவருக்கு ஒரு நாள் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. வலது பக்கம் லேசாக இழுத்துக்கொண்டது. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதால் பிழைத்தார். மாமியார் ஏற்கெனவே தவறியிருந்தார். அதனால் புதுவாயலில் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். பேச்சு திரும்பிவிட்டது, நடையும் திரும்பிவிட்டது. வலது கை விரல்களுக்கு மட்டும் பயிற்சி வேண்டும் என்று சொல்லி, அழுத்திப் பிடிக்க ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். பந்தை அழுத்துவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஏதாவது ஒரு பொருள் உருவாகாத வேலையில் அவர் கை நிற்காது. அப்படித்தான் செல்போன் வீடியோவைப் பார்த்துப் பார்த்து குரோஷா பின்னக் கற்றுக்கொண்டார். மீசை வைத்த பெரிய மனிதர் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உல்லன் நூல் பின்னுவதைத் தெருவே பார்த்துவிட்டுப் போகும். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

பின்னியது எதுவும் அளவுக்கு வரவில்லை என்பதுதான் வேடிக்கை. பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு என்று போட்ட தொப்பி என் தலைக்கே தொளதொளவென்று இருந்தது. என் செல்போனுக்குப் பை பின்னிக் கொடுத்தார். பஸ்ஸில் ஏறும்போது போன் பையின் அடியைப் பிதுக்கிக்கொண்டு ரோட்டில் விழுந்தது. ஒரு ஜோடி காலுறையில் ஒன்று குழந்தைக்கு ஆகும், மற்றது குழந்தையையே உள்ளே வைக்க ஆகும். எல்லாவற்றுக்கும் அந்த எட்டாம் நம்பர் ஊசிதான். என் மனைவி நூல் பந்தில் சுற்றியிருந்த காகிதத்தைக் காட்டிச் சொல்லிப் பார்த்தாள்.

“நைனா, இந்த நூலுக்கு மூணாம் நம்பர் ஊசின்னு இதுலயே போட்டுகீது பாரு. கொஞ்சூண்டு பின்னி, ஸ்கேல் வச்சி அளந்து பாத்துட்டு அப்பால பெருசா போடணும். நீ எட்டுல போட்டா ஓட்ட ஓட்டயாத்தான் வரும்.”

“வேலைல அளந்தது போதாதாம்மா? இத்தயாவது கை போற போக்குல உடு” என்பார் அவர்.

நாங்களும் விட்டுவிட்டோம். வயதான மனிதரின் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டோம்.

பெண் குழந்தை பிறந்தது. அவளுக்காக அவர் ஒரு போர்வை பின்னினார். மெல்லிய வெள்ளை நூல், அதே தடித்த ஊசி. ஒவ்வொரு கண்ணியும் பெரிதாக, தளர்ந்து, இழுத்த பக்கமெல்லாம் இழுபட்டது. “இன்னா நைனா, பழவேற்காட்டுக்கு வலை பின்னிகினு கீறியா?” என்று என் மனைவி கேலி செய்தாள். ஆனாலும் வெயிலில் விரித்தால் நிழல் பூப்பூவாக விழும். பார்க்க அழகாக இருந்தது. குழந்தையை அதில் சுற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டு அவர் கூடத்தில் நடக்கும்போது, அந்த வீட்டில் அவரைவிடப் பெரிய ஆள் யாரும் இல்லை என்பது போல ஒரு நடை வந்துவிடும்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் அது. என் மனைவி விடுப்பு முடிந்து கும்மிடிப்பூண்டியில் மருந்துக் கடை வேலைக்குத் திரும்பியிருந்தாள். எனக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தவன் குழந்தையின் அழுகை கேட்டு எழுந்தேன். அது பசி அழுகை இல்லை. மூச்சை இழுத்து, சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்து நின்று, பிறகு வீறிடும் அழுகை. மாமனார் அவளைப் போர்வையோடு தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

“ரொம்ப நேரமா அயுவுது மாப்ள. பால் குடுத்தேன், துப்பிடுச்சி. வயித்து வலியா இருக்கும்னு பாக்கறேன்.”

நான் வாங்கிப் பார்த்தேன். உடம்பு சுடவில்லை. வயிறு கல் போல இல்லை. இடுப்புத் துணியை மாற்றினேன். காதில் எறும்பு போயிருக்குமோ என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். போர்வையின் கீழ்ப்பாதி அவள் கால்களோடு சுருண்டு கிடந்தது. குளிர்கிறதோ என்று அதை அப்படியே இன்னும் இழுத்துச் சுற்றினேன். அவள் கத்தியது என் காதை அடைத்தது. அவர் வாங்கி, அவரும் ஒரு சுற்று இறுக்கிப் போர்த்தித் தட்டினார். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரே ஆறுதல் அதுதான்.

கடைசியில் நான் மறுபடி வாங்கியபோது அவள் உதைத்த உதையில் என் கையில் ஏதோ ஈரமாகப் பட்டது. போர்வையைப் பிரித்தேன். பிரியவில்லை. ஒரு இடத்தில் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் கொண்டு போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இடது காலின் இரண்டாவது விரல் ஒரு கண்ணிக்குள் போயிருந்தது. அவள் புரண்டு புரண்டு உதைத்ததில் அந்த மெல்லிய நூல் விரலின் அடியில் முறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. விரல் நாவல்பழம் போல உப்பிக் கறுத்திருந்தது.

கத்தரிக்கோல் எடுத்தேன். நூல் எங்கே இருக்கிறது, தோல் எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வீங்கிய சதை நூலை மூடிவிட்டது. கத்தரியின் முனையை வைத்தால் விரலையே வெட்டிவிடுவேன் என்று தோன்றியது. “உடு மாப்ள, உடு, நீ கைய வெக்காத” என்றார் மாமனார். விரலைச் சுற்றிப் போர்வையை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, குழந்தையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு மழையில் ஓடினோம்.

புதுவாயல் கூட்டு ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. குழந்தையின் காலைப் பார்த்ததும், யாரும் கேட்காமலே உள்ளே இருந்த பெண்கள் மழையில் இறங்கிக்கொண்டார்கள். “நீங்க போங்கண்ணா, நாங்க அப்பால வர்றோம்” என்று ஒருத்தி என் காலடியில் விழுந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். கொல்கத்தா நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் நீரை வாரி அடித்துக்கொண்டு போயின. குழந்தை என் மடியில். எதிரே உட்கார்ந்திருந்த மாமனார் அந்தச் சின்னப் பாதத்தை, எதிலும் இடித்துவிடாமல், இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தார். வலது கையைத் தொடைக்கடியில் வைத்திருந்தார். வழியில் குழந்தை அழுகையை நிறுத்தியது. அதுவரை நான் பட்ட பயம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

“ஏன் மாமா சும்மாயிட்டா?”

அவர் அவள் வாயருகே தன் காதைக் கொண்டுபோனார். “மூச்சு கீது” என்றார். பிறகு ஆஸ்பத்திரி வாசல் வரை அந்தக் காதை அவர் எடுக்கவில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பார்த்த உடனே வேறு எதையும் கேட்காமல் படுக்க வைத்து விளக்கை இழுத்தார். ஒரு நர்ஸ் காலைப் பிடித்துக்கொண்டார், நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஊசி முனை போன்ற ஒரு கத்தரியால் டாக்டர் சதைக்குள் தேடினார். ஒரு துண்டு வெள்ளை நூல் ரத்தத்தோடு வெளியே வந்தது. விரலை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். நிறம் வரவில்லை.

“அழுத்தி விட்டா சிவந்து வரணும். வரலையே” என்றார் அவருக்கே சொல்வது போல.

அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. என் மனைவிக்கு எப்படிச் சொல்வது, இந்தக் குழந்தை எப்படி நடக்கும் என்று என்னென்னவோ ஓடியது. டாக்டர் பூதக்கண்ணாடியை வாங்கி மறுபடி குனிந்தார். “இன்னொரு இழை உள்ள இருக்கு. அசையாம புடிங்க.” குழந்தை வீறிட்டாள். இரண்டாவது துண்டு முன்னதைவிட மெல்லியதாக, ஒரு மயிர் போல வந்தது. மெதுவாக, விரலின் அடியிலிருந்து ஒரு சிவப்பு மேலே ஏறியது. டாக்டர் நிமிர்ந்து மூச்சு விட்டார். “விரல் தப்பிச்சுது. இன்னும் தாமதமா வந்திருந்தா சொல்லியிருக்க முடியாது” என்றார். திரும்பிப் பார்த்தேன். மாமனார் அறைக்குள் வரவே இல்லை. கதவுக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

போனில் சொன்னதும் என் மனைவி மருந்துக் கடைக் கோட்டோடு நனைந்து வந்து சேர்ந்தாள். குழந்தையை வாங்கி, கட்டுப் போட்ட காலைப் பார்த்து, டாக்டர் சொன்னதைக் கேட்டாள். பிறகு வெளியே வந்து தன் அப்பாவின் எதிரில் நின்றாள்.

“மூணாம் நம்பர் ஊசின்னு எத்தினி தபா சொன்னேன் நைனா? ஒரு தபாவாச்சும் கேட்டியா?”

அவர் தரையைப் பார்த்தபடி பேசினார்.

“சின்ன ஊசி கைல நிக்கலம்மா. பெருவெரலும் பக்கத்து வெரலும் ஒண்ணா சேரவே மாட்டேங்குது. பெருசுன்னாதான் உள்ளங்கைல வச்சி புடிச்சிக்க முடியுது.”

“கை சரியாயிடுச்சின்னு சொன்ன.”

“சரியாவலன்னா கொயந்தய என் கைல குடுப்பீங்களா? அந்த பயத்துலதான் சொல்லல.”

அளக்க மாட்டேன் என்று அவர் பிடித்த பிடிவாதம் எல்லாம் இதனால்தான். என் மனைவி தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “வேணாம்மா” என்றார். “எனக்கு பயமா கீது.”

வீட்டுக்கு வந்ததும் அவர் பின்னிய எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பிரிக்கத் தொடங்கினார். குரோஷா பின்னலைப் பிரிப்பது சுலபம். கடைசி முடிச்சை அவிழ்த்து இழுத்தால் முழுவதும் வந்துவிடும். தொப்பி, காலுறை, வெட்டுப்பட்ட போர்வையின் மிச்சம் எல்லாம் நூல் பந்துகளாயின. அதன் பிறகு அவர் குழந்தையைத் தூக்கவில்லை. அவள் தவழ்ந்து அவர் நாற்காலிக்கு வந்தால் கால்களைத் தூக்கிக்கொள்வார். அவள் தூங்கும்போது மட்டும் வந்து, போர்வையை விலக்கி, விரல்களைத் தொடாமல் குனிந்து பார்த்துவிட்டுப் போவார்.

அது எனக்குத் தாங்கவில்லை. என் கம்பெனியில் வீணாகக் கிடந்த நைலான் உருளைத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அங்கிருந்த லேத்திலேயே அவர் உள்ளங்கைக்கு ஏற்ப ஒரு தடித்த பிடி கடைந்தேன். நடுவில் துளை போட்டு மூணாம் நம்பர் ஊசியைப் பொருத்தினேன். அதைக் கொடுத்தபோது வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். “நல்லா கடஞ்சிகீற மாப்ள” என்றார். ஆனால் அதில் பின்ன உட்காரவில்லை. குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள்தான், அதை மறுபடி கையில் எடுத்தார்.

ஒரு தொப்பி பின்னினார். ஒவ்வொரு கண்ணியையும் போட்டுவிட்டு இழுத்து இறுக்கினார். இறுக்கியதில் தீக்குச்சி நுழைகிறதா என்று பார்த்தார். நுழைந்தால் பிரித்துவிட்டு மறுபடி போட்டார். ஊசியும் நூலும் இப்போது ஒன்றுக்கொன்று சரியாகத்தான் இருந்தன. அவர் கைதான் பயந்திருந்தது. முடிந்தபோது அது தார்ப்பாய் போல விறைத்து நின்றது. தரையில் வைத்தால் கிண்ணம் போல உட்கார்ந்துகொண்டது. குழந்தையின் தலையில் ஏறவே இல்லை. என் மனைவி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“போட முடியலன்னா பரவால்லம்மா” என்றார் அவர். “இதுல எதுவும் மாட்டாது.”

அன்றைக்குத்தான் மறுபடியும் குழந்தையை மடியில் ஏற்றிக்கொண்டார்.

மாமனார் இப்போது இல்லை. என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். சுவரேறிக் குதிக்கிறாள், சைக்கிள் ஓட்டுகிறாள், எங்களை எதற்கும் கூப்பிடுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது விரலின் அடியில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு சுற்றி ஓடுகிறது. பிறந்ததிலிருந்தே எல்லோருக்கும் அப்படி இருக்கும் என்று நினைத்திருந்தாளாம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இல்லை என்று கண்டுபிடித்துவிட்டு வந்து கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

“தாத்தா பயந்துட்டாரா?”

“ரொம்ப.”

“நீ?”

“நானும்தான்.”

காலை என் மடியிலிருந்து எடுக்காமல் கொஞ்சம் யோசித்தாள். “இப்பவும் பயமா கீதாப்பா?” என்றாள். நான் அடுத்த விரலைப் பிடித்துக்கொண்டு, “ஆட்டாத, நகம் வெட்டணும்” என்றேன்.