நின்ற கார், துருவேறிய பிளக்

ஓடிக் கெட்ட காரைவிட நின்று கெட்ட கார்தான் மெக்கானிக்கை அதிகம் அலைய வைக்கும். எஞ்சினில் தீப்பொறி கிளப்பும் பிளக் துருவேறி அதோடு ஒட்டிக்கொள்ளும். பலமாகத் திருகினால் உடையும். எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். அதற்குள் போன் மேல் போன். விழுப்புரத்தில் பட்டறை வைத்திருக்கும் என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

துபாய்க்காரர் வருகிறார்

வளவனூரில் ஒரு அக்கா. துபாயில் இருக்கும் கணவர் வாங்கித் தந்த கார் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது. அன்று மதியம் அவர் சென்னையில் இறங்குகிறார். அழைத்துவர டிரைவர் வந்துவிட்டார், கார் கிளம்பவில்லை. பேட்டரியை மாற்றினேன். மூன்று பிளக் கழன்றது, கடைசிப் பிளக் அசையவில்லை. எண்ணெய் விட்டு, அது ஊறும்வரை வாசலில் நான் ஒரு பக்கம் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன், அக்கா இன்னொரு பக்கம்.

"டாக்ஸி வெச்சிக்கினு போங்களேன்" என்றேன்.

"வாராவாரம் கோயிலுக்கு இதுலதான் போறோம்னு போன்ல சொல்லிக்கினு இருந்தேண்ணே" என்றார்.

மறுபடி ஸ்பேனரைப் போட்டேன். கிறீச்சென்று கழன்றது. புதுப் பிளக் போட்டதும் கார் இருமிக் குலுங்கிக் கிளம்பியது. ஏறி உட்கார்ந்த அக்கா கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: "பழைய பிளக்க இங்க எங்கியும் போட்டுடாதீங்கண்ணே. அவரு கண்ணுல எல்லாம் படும்."

அண்ணன் தம்பி

திண்டிவனத்தில் ஒரு அண்ணனும் தம்பியும் பாகப்பிரிவினைச் சண்டையில் அப்பாவின் காரைக் கொட்டகையில் முடக்கிவிட்டார்கள். சாவி அண்ணனிடம், ஆர்சி புக் தம்பியிடம். இது பழைய இரும்புக்குத்தான் போகும் என்று அண்ணன் சொல்ல, தம்பி என்னைக் கூப்பிட்டார். பிளக்கெல்லாம் துரு. மாற்றி, எப்படியும் ஓடாது என்று அண்ணன் தூக்கிப் போட்ட சாவியை வைத்து ஸ்டார்ட் செய்தேன். கொட்டகையின் இரண்டு முனையில் நின்று இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தார். உடனே தம்பி: "ஓடுதுன்னு தெரிஞ்சிடுச்சில்ல, போதும். நிறுத்துங்க."

முகையூர் ரவுண்டு

முகையூர் அந்தோணி சார் ஒருமுறை காரைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார். மனைவிக்குக் கை முறிந்தது. அந்தக் கை கூடிய பிறகும் சார் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இப்போது அந்த அம்மாதான் என்னை வரவழைத்திருந்தார்.

பிளக்கை மாற்றிவிட்டு, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடியை இரண்டு தடவை சரிசெய்துவிட்டு எடுத்தார். தெருமுனையில் திரும்புவார் என்று பார்த்தால், நேரே மெயின் ரோட்டில் ஏறிவிட்டார். என் பைக் அவர் வீட்டு வாசலில். பட்டறையில் இரண்டு வண்டி திறந்தபடி கிடக்கிறது.

"சார், திருப்புங்க, பேஜாராப் போவுது" என்றேன்.

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இப்ப நிறுத்துனா மறுபடி ஏற மாட்டேன். பேசாம உக்காருங்க."

விழுப்புரத்தில் என்னை இறக்கிவிட்டு அவர் மேலே போய்விட, பைக்கை எடுக்க பஸ்ஸில் முகையூர் திரும்பியபோது எனக்கு ஒன்று புரிந்தது: நின்ற வண்டியைக் கிளப்பிவிடலாம், கிளம்பிய ஆளை நிறுத்த நம்மிடம் ஸ்பேனர் கிடையாது.