திரைக்கு ஏற்றபடி அடுக்கிய பெட்டிகள்

திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த கன்டெய்னர் யார்டுக்கு ஒரே சட்டம்தான். அவசரம் என்று கத்துகிற ஆளின் பெட்டியை முதலில் எடுப்போம். அதன் மேல் இருந்ததைக் கிடைத்த சந்தில் வைப்போம். அப்புறம் அதைத் தேடுவோம். இதற்கொரு மென்பொருள் வேண்டுமென்று முதலாளியை நச்சரித்தவன் நான். வாங்கினார். இது ஓடாவிட்டால் உனக்கு இங்கே வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

பிறகு அதில் ஆளாளுக்கு ஒரு வசதிக்கு ஆசைப்பட்டார்கள். கணக்குப் பிரிவுக்கு ஒன்று, சுங்க வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று, முதலாளியின் மருமகனுக்குக் கைபேசியில் கலர் கலராக ஒன்று. மென்பொருள்காரர்கள் எதற்கும் முடியாது என்று சொல்லவில்லை. கல்யாணப் பந்தியில்கூட அவ்வளவு தாராளம் கிடையாது. யார்டில் பெட்டி தூக்குகிறவர்களை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மென்பொருளைச் சோதித்துப் பார்த்த நாளன்று நான் வேண்டாத தெய்வமில்லை. ஆனால் திரை எந்தப் பெட்டியை எங்கே காட்டியதோ, அது அங்கேயே இருந்தது. ஏற்றுக்கொண்டதாக முதலாளி கையெழுத்துப் போட்டார். எல்லோருக்கும் பிரியாணி.

மறுவாரமே குட்டு உடைந்தது. மூன்றாம் வரிசை என்று திரை காட்டிய பெட்டி மதிலோரம் கிடந்தது. டிரெய்லர்கள் எண்ணூர் சாலை வரை நின்றன. டிரைவர்கள் என் பரம்பரையையே விசாரித்தார்கள். முதலாளி ஒப்பந்தத்தை முறித்தார், மென்பொருள்காரர்கள் வழக்குப் போட்டார்கள். சோதனையில் ஓடியதை நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பது அவர்கள் வாதம். தோற்றால் என் வேலை காலி.

எங்கள் சாட்சி யார்டு சூப்பர்வைசர், கொருக்குப்பேட்டைக்காரர். அவரை மலைபோல் நம்பியிருந்தோம். சோதனையன்றைக்கு மட்டும் எல்லாம் எப்படிச் சரியாக இருந்தது என்று வழக்கை விசாரித்த நடுவர் அவரைக் கேட்டார்.

"நாங்கதான் சார் காலைலயே வந்து, கம்பூட்டர் இன்னா சொல்லுச்சோ அந்த மாதிரி பொட்டிய மாத்தி வச்சோம்."

எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். சோதனையில் தில்லுமுல்லு செய்தது நாங்களே என்று ஆகிவிட்டது. அந்த மனிதரின் கழுத்தை நெரிக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. எதற்காக அப்படிச் செய்தீர்கள் என்றார் நடுவர்.

அவர் என்னைக் காட்டினார். "இது ஓடலன்னா வேலை பூடும்னு டீக்கடைல பொலம்பிகினு இருந்தாரு சார். புள்ளகுட்டிக்காரரு. அப்டியே வுட்ருவோமா?"

முதலாளி உட்பட அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது.