பேனாவால் எழுதிய நாற்பது சீட்டுகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரைக் ‘குடல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். மீன் வயிற்றை அறுத்து, உள்ளே கிடக்கும் பாசியைப் பிரித்து, இன்ன பாசி இத்தனை பங்கு என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பதினேழு வருடமாக அதுதான் வேலை. எதிர் மேசை என்னுடையது. சாயங்காலம் நாங்கள் பையைத் தூக்கினால், “இன்னும் ரெண்டு இருக்கு, நீங்க போங்க” என்பார். வீட்டில் அவருக்காகக் காத்திருக்க ஒருவரும் இல்லை. அது தெரிந்தும் நாங்கள் போய்விடுவோம்.

எங்கிருந்தோ வந்து எங்கள் கடலில் பெருகிவிட்ட ஒரு மீன், உள்ளூர் மீனின் பாசியைத் தின்று அதைப் பட்டினி போடுகிறதா என்பது இந்த வருடக் கேள்வி. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான் என்று ஆய்வுக்கூடத் தலைவர் முன்பே முடிவுகட்டிவிட்டார்.

“வயித்தக் கேட்டாத்தான் சார் தெரியும்” என்றார் அக்கா.

அறிக்கையில் அவர் பெயரும் வரும் என்று முதல் தடவையாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்காக ஒரு புதுக் கண்ணாடிகூட மாற்றிக்கொண்டார், பாவம்.

வயிற்றை ஸ்பிரிட்டில் போட்டு வைக்கும் குப்பிக்குள் மீனின் பெயரெழுதிய சீட்டு ஒன்று போட வேண்டும். பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை கரைந்துவிடும். இது இங்கே தரை துடைப்பவருக்கே தெரியும். போன திங்கட்கிழமை நாற்பது குப்பிகளைத் திறந்தோம். அக்கா எழுதிப் போட்ட நாற்பது சீட்டும் வெள்ளை. ஸ்பிரிட் மட்டும் லேசான நீலம்.

எது வந்த மீன், எது உள்ளூர் மீன்? எல்லா வயிற்றிலும் ஏறக்குறைய ஒரே பாசி. மீன்களை அன்றைக்கே எறிந்தாயிற்று.

“தோராயமா எழுதிப் போட்டுடுங்கக்கா. யாருக்குத் தெரியப் போவுது?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னது நான்தான். இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

“எனக்குத் தெரியுமே” என்றார்.

நேரே தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டார். மறுபடி மீன் பிடிக்க வேண்டும், அறிக்கையில் பெயர் போடும் விஷயத்தை அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து குப்பிகளைக் கழுவத் தொடங்கினார். எனக்கு மனசு கேட்கவில்லை.

“இத்தன வருஷத்துல ஒரு தடவ கூடப் பேனாவத் தொட்டதில்லையேக்கா. அன்னிக்கு மட்டும் ஏன்?”

“என் தம்பி போன் பண்ணான். ஆறு வருஷம் கழிச்சு. புது வீட்டு விலாசம் சொல்லுவான்னு பேனாவ எடுத்தேன்.”

“சொன்னாரா?”

“தெரியாம கை பட்டுடுச்சுன்னு வச்சுட்டான். பேனா கையிலேயே இருந்துடுச்சு.”