எடை பார்க்கும் வரிசையில் கிடைத்த பதில்

என் கணவர் சேவியர் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர். ராயபுரத்தில் அவர் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் எங்கள் வாசலிலேயே இறக்கிவிடுவார். அவர் ஜெயித்தால் தெருவே தோளில் தூக்கிக்கொண்டு வரும். தூக்கியவர்களே பாட்டிலையும் திறப்பார்கள். தோற்றால் அவராகவே வாங்கிக்கொள்வார்.

முன்பெல்லாம் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் குடியைத் தொடமாட்டார். அதனால் இது வெறும் பழக்கம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். சென்ற ஆண்டு, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பல் கலையாமல், சமையல் மேடையில் சாய்ந்து நின்று குடித்தார். இனி அவரால் நிறுத்த முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

காலையில் அவர் கைகள் ஆடும். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார். ஆனால் பயிற்சிக்கூடத்தில் கையில் துணிப்பட்டை சுற்றிக் கையுறை மாட்டிவிட்டால் எந்த நடுக்கமும் வெளியே தெரியாது. அவருடைய மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "ரிங்குல அடிக்கிறான்ல? அப்றம் இன்னாம்மா உனக்கு பேஜாரு?" என்றார்.

புதன்தோறும் கோயிலில் சகாய மாதா நவநாள் செபத்துக்குப் போவேன். வெற்றியைக் கேட்கவில்லை. "ஆண்டவரே, இதை நோய் என்று பார்க்கிற ஒரு கண்ணையாவது அனுப்பும்" என்று மட்டும் கேட்டேன். ஈஸ்டர் வந்தது, போனது. யாரும் வரவில்லை. பிறகு ஒரு புதன்கிழமை கோயிலில் உட்கார்ந்திருந்தும் எனக்குச் செபிக்கத் தோன்றவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

அடுத்த வாரம் ஒரு போட்டி. எதிராளி வியாசர்பாடி பாபு. போட்டிக்கு முதல்நாள் எடை பார்ப்பார்கள். அதற்குள் தங்கள் பிரிவின் அளவுக்கு எடையை இறக்குவதற்காகத் தண்ணீரைக் குறைத்து, உடம்பில் பிளாஸ்டிக் சட்டை மாட்டி, வியர்க்க வியர்க்கக் கயிறு தாண்டுவது இவர்கள் வழக்கம். சேவியர் தண்ணீரோடு சாராயத்தையும் ஒரேயடியாக நிறுத்தினார். நான் சந்தோஷப்பட்டேன். அப்படி நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எடை பார்த்ததும் அவர் குடிப்பதற்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு நானும் போனேன். வரிசையில் நின்றவரின் உடம்பு முழுக்க நடுங்கியது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார். அது வெள்ளைச் சுவர். பூச்சி எதுவும் இல்லை.

"வெயிட் எறக்கறான்ல, அப்டிதான் ஆவும். இன்னும் கொஞ்சம் கயிறு தாண்டு, சரியாப்பூடும்," என்றார் மாஸ்டர்.

பின்னால் நின்ற பாபு முன்னால் வந்து சேவியரின் கையைப் பிடித்துப் பார்த்தான்.

"மாஸ்டர், இது தண்ணி கொறஞ்ச நடுக்கம் இல்ல. சரக்கு கொறஞ்ச நடுக்கம். எங்க நைனா இப்டி ஆடிக்கினு இருக்கச்சொல்ல நாங்க ஜொரம்னு நெனச்சோம். செத்துப்பூட்டாரு."

அவன் சொல்லி முடிப்பதற்குள் சேவியர் கீழே விழுந்தார். கைகால் வெட்டி இழுத்தது. கஞ்சிப் பாத்திரம் என் கையிலிருந்து நழுவியது. இழுப்பு அடங்கும்வரை பாபு அவர் தலையைத் தாங்கி ஒருக்களித்துப் பிடித்தான். பிறகு தூக்கினான்.

"டேய், நீ எடை பார்க்கலன்னா உனுக்கும் ஃபைட் கெடையாது!" என்று மாஸ்டர் கத்தினார்.

"ஆளே பூட்டா நா யார மாஸ்டர் அடிக்கிறது?" என்றபடி பாபு அவரோடு தெருவுக்கு வந்து ஒரு ஆட்டோவை நிறுத்தினான். "ஏறு அண்ணி."

ஆஸ்பத்திரியில் சேவியர் என்னை அடையாளம் தெரியாமல் கிடந்தார். கட்டிலில் கட்டிப்போட்டிருந்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் உயிர் தங்கியிருக்காது என்றார் மருத்துவர். இனி குத்துச்சண்டை கூடாது என்றும் சொன்னார். நான் கேட்ட கண்ணை ஆண்டவர் அனுப்பியிருந்தார். எதிராளியாக நின்றவனிடம் அதைத் தேட எனக்குத் தோன்றவே இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் ஒருமுறை குடித்தார். மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பழைய கூட்டம் இப்போது வாசலுக்கு வருவதில்லை. கைகளில் இன்னும் லேசான ஆட்டம் இருக்கிறது. தொலைக்காட்சியில் சண்டை வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். நாளைக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் குடியை விட்டவர்கள் கோயில் கூடத்தில் கூடும் நாளில் பாபு வண்டியோடு வாசலில் வந்து நிற்கிறான். "கெளம்பு மாமு. எனுக்கு நீ ஒரு ஃபைட் பாக்கி," என்கிறான். அது இனி நடக்காது என்று இருவருக்கும் தெரியும். சேவியர் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டுகிறார். மாட்டும்போது பொத்தான் கைக்கு அகப்படாமல் நழுவும். பாபு அவசரப்படுத்துவதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கை ஆடினால் அதை மறைக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். செபியுங்கள். செபிக்க வார்த்தை வராவிட்டாலும் போய் உட்காருங்கள். நான் அப்படி உட்கார்ந்ததைக்கூட ஆண்டவர் செபமாக ஏற்றுக்கொண்டார். இன்று சேவியர் குடிக்கவில்லை. இன்றைய நாளுக்காக ஆண்டவருக்கு நன்றி.